பட்டயப் பள்ளிகளும் ஒப்பீட்டின் அளவுகோலும்: அமெரிக்க ஆய்வுகள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அரசு நிதியில் இயங்கித் தனி நிர்வாகத்தின்கீழ் அமையும் பட்டயப் பள்ளிகள், மாவட்ட அரசுப் பள்ளிகளைவிடச் சிறந்தவையா என்னும் வினா அமெரிக்கக் கல்வி ஆய்வில் முப்பது ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் கிரெடோ ஆய்வு மையம் 2009, 2013, 2023 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட தேசிய அறிக்கைகளும், மாசசூசெட்ஸ் மாநிலத்தை மையமாகக் கொண்ட குலுக்கல்வழி ஆய்வுகளும் இவ்வினாவுக்கு அளித்த விடைகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பட்டயம் என்பது ஒரு சட்ட உறவைக் குறிக்கும் பெயர்; கற்பித்தல் முறை எதனையும் அது குறிப்பதில்லை. ஆகவே, மாணவர் அப்பள்ளியில் சேராவிடில் வேறு எப்பள்ளியில் பயின்றிருப்பார் என்பதைக் கணக்கில் கொள்ளாத தேசியச் சராசரி பொருளற்றதாகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

திறவுச்சொற்கள்: பட்டயப் பள்ளி, மாவட்டப் பள்ளி, குலுக்கல் சேர்க்கை, மெய்நிகர் இரட்டையர், தேர்வுச் சாய்வு, பாஸ்டன்.

1. சொல்லும் பொருளும்

‘சார்ட்டர் ஸ்கூல்’ என்பதனைத் தமிழில் ‘பட்டயப் பள்ளி’ எனப் பெயர்ப்பது பொருத்தமே. அரசன் வழங்கிய உரிமையைச் செப்பேட்டில் பொறித்த ஆவணம் பட்டயம் எனப்பட்டது. அமெரிக்கப் பள்ளிக்கு வழங்கப்படுவதும் அத்தகைய உரிமை ஆவணமே. எனினும் இன்றைய வழக்கில் பட்டயம் என்றவுடன் பலவகைத் தொழில்நுட்பக் கல்லூரிப் படிப்பே நினைவுக்கு வருவதால், இச்சொல்லைக் கையாளும்போது விளக்கம் ஒன்று தேவைப்படுகிறது. மாநிலச் சட்டம் அதிகாரம் அளித்த ஓர் அமைப்பு, பள்ளி நடத்த முன்வரும் ஒரு குழுவோடு குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொள்கிறது. பள்ளிக்கு மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப அரசு நிதி வருகிறது. கட்டணம் வாங்கக் கூடாது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல் நடத்த வேண்டும். இதற்கு ஈடாக, ஆசிரியர் நியமனம், பாடவேளை, நிதிச் செலவு ஆகியவற்றில் மாவட்டத்தின் பல விதிகளிலிருந்து விலக்குக் கிடைக்கிறது. வாக்களித்த இலக்குகளை எட்டாத பள்ளியின் பட்டயம் புதுப்பிக்கப்படாது.

நம் வாசகர்க்கு இதற்கு அண்மையான வடிவம் அரசு உதவி பெறும் பள்ளி எனத் தோன்றலாம். நிதி அரசுடையது, நிர்வாகம் தனியாருடையது என்னும் அளவில் ஒப்புமை சரியே. ஆனால் உதவி பெறும் பள்ளி காலவரையறையுள்ள ஒப்பந்தத்தால் இயங்குவதன்று. மதிப்பெண் இலக்கை எட்டவில்லை என்பதற்காக அதனை மூடும் மரபும் இங்கில்லை. ஒப்புமையை இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது நன்று.

இக்கருத்தின் பிறப்பை நினைவுகூர்வது பின்வரும் திறனாய்வுக்கு உதவும். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரே பட்டி, மாவட்டத்துக்குள்ளேயே ஆசிரியர் குழுக்களுக்குப் பட்டயம் வழங்கிப் புதிய பாடத்திட்டங்களைச் சோதிக்கலாம் என்றார். அவரது நூல் வெளிவந்த 1988 ஆம் ஆண்டிலேயே அமெரிக்க ஆசிரியர் கூட்டமைப்பின் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கர் இக்கருத்தைப் பொதுமேடைக்குக் கொண்டுவந்தார். அவர் எண்ணியது ஆசிரியர்களே நடத்தும் சோதனைக்களம். அங்குக் கண்டறிவது பிற பள்ளிகளுக்குப் பரவ வேண்டும். 1991 இல் மின்னசோட்டா முதற் சட்டத்தை இயற்றியது. அடுத்த ஆண்டு செயின்ட் பால் நகரில் முதற்பள்ளி திறக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் ஷாங்கரே இவ்வியக்கத்தைக் கண்டிப்பவரானார். சோதனைக்களமாக எண்ணப்பட்டது போட்டியாளராக வளர்ந்திருந்தது. 2021 இல் அமெரிக்கப் பொதுப்பள்ளி மாணவருள் ஏறத்தாழ 7 விழுக்காட்டினர், அதாவது சுமார் 37 இலட்சம் பேர், பட்டயப் பள்ளிகளில் பயின்றனர்.

‘எது சிறந்தது’ என்னும் வினா இம்மாற்றத்தின் விளைவு. சோதனைக்களத்தைப் பற்றி ‘என்ன கண்டறியப்பட்டது’ என்று கேட்பார்கள். போட்டியாளரைப் பற்றித்தான் ‘வென்றது யார்’ என்று கேட்பார்கள். பின்வந்த ஆய்வுகளுட் பெரும்பாலானவை இரண்டாம் வினாவையே தம் வினாவாக ஏற்றுக்கொண்டன.

2. இரட்டையர் வழி ஒப்பீடு

இத்துறையில் மிகுதியாக மேற்கோள் காட்டப்படுபவை கிரெடோ மையத்தின் அறிக்கைகள். அவற்றின் வழிமுறை எளிதில் விளங்கக்கூடியது. பட்டயப் பள்ளியில் பயிலும் ஒவ்வொரு மாணவருக்கும், அவர் முன்பு பயின்ற, அல்லது அவரைப் போன்றோர் பயிலும், மாவட்டப் பள்ளியிலிருந்து ஒத்த மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். வகுப்பு, பால், இனம், இலவச மதிய உணவுத் தகுதி, ஆங்கிலம் கற்போர் நிலை, சிறப்புக் கல்வி நிலை, முந்தைய தேர்வு மதிப்பெண் ஆகியவை பொருந்த வேண்டும். இவ்வாறு கிடைப்போரின் சராசரியே அம்மாணவரின் ‘மெய்நிகர் இரட்டையர்’. பின்னர் இருவர்தம் வளர்ச்சியும் ஒப்பிடப்படுகிறது.

2009 ஆம் ஆண்டு அறிக்கை 16 மாநில அளவிலான தரவுகளை ஆராய்ந்தது. கணிதத்தில் 17 விழுக்காட்டுப் பட்டயப் பள்ளிகள் மட்டுமே ஒப்பீட்டுக் குழுவைவிடச் சிறப்பாக இருந்தன. 46 விழுக்காட்டில் வேறுபாடில்லை. 37 விழுக்காடு பின்தங்கின. பட்டயப் பள்ளிகளின் எதிர்ப்பாளர்கள் இவ்வெண்களைப் பல ஆண்டுகள் விடாது எடுத்தாண்டனர். 2013 அறிக்கையில் கணிதத்தில் சிறந்தவை 29 விழுக்காடு, பின்தங்கியவை 31 விழுக்காடு என நிலை மாறியது. 2023 அறிக்கையில் பட்டயப் பள்ளி மாணவர் வாசிப்பில் ஆண்டுக்கு 16 நாள்களும் கணிதத்தில் 6 நாள்களும் கூடுதலாகக் கற்றதாகக் கூறப்பட்டது. இம்முறை எண்களை ஏந்தியவர்கள் ஆதரவாளர்கள். ஒரே மையம், ஒரே வழிமுறை; முடிவு சாதகமானபோது வழிமுறையின் குறைகள் ஒரு தரப்புக்குக் கண்ணில் படவில்லை, பாதகமானபோது மறுதரப்புக்குப் படவில்லை. இரு தரப்பின் எழுத்துகளையும் அடுத்தடுத்துப் படிப்போர்க்கு இது வியப்பளிக்காது.

முதலில் ‘நாள்’ என்னும் அலகைக் காண்போம். தேர்வு மதிப்பெண் வேறுபாடு புள்ளியியலில் திட்ட விலக்கத்தின் பகுதியாகக் கூறப்படும். பொதுவாசகர்க்கு அது விளங்காது என்பதால், 180 நாள் கொண்ட பள்ளியாண்டின் வளர்ச்சி திட்ட விலக்கத்தில் இவ்வளவு என ஓர் அனுமானத்தை வைத்துக்கொண்டு, வேறுபாட்டை நாள்களாக மாற்றுகின்றனர். 2023 அறிக்கையின் 16 நாள் என்பது திட்ட விலக்கத்தில் 0.03 க்கும் சற்றுக் குறைவு. 6 நாள் என்பது ஏறத்தாழ 0.01. சராசரி நிலையிலுள்ள ஒரு மாணவர் 100 பேர் கொண்ட வரிசையில் முன்னேறும் அளவாக இதனைக் கூறினால், வாசிப்பில் ஓர் இடம், கணிதத்தில் அரை இடத்துக்கும் குறைவு. ‘மூன்று வாரம் கூடுதலாகப் படித்த பிள்ளை’ என்று கேட்கும் பெற்றோரின் மனத்தில் எழும் சித்திரம் இதுவன்று. மேலும், வாசிப்பு வளர்ச்சி தொடக்க வகுப்புகளில் விரைவாகவும் மேல்வகுப்புகளில் மெதுவாகவும் நிகழ்வதால், எல்லா வகுப்புக்கும் ஒரே மாற்றுவிகிதத்தைக் கையாள்வது அலகையே நெகிழச்செய்கிறது.

அடுத்தது இரட்டையரின் ஒப்புமை. இலவச உணவுத் தகுதி ‘உண்டு’, ‘இல்லை’ என இரண்டே நிலை கொண்டது. தகுதிக் கோட்டுக்குச் சற்றுக் கீழே உள்ள குடும்பமும் தங்க வீடற்ற குடும்பமும் ஒரே கட்டத்தில் வந்துசேர்கின்றன. பெற்றோரின் முனைப்பு எந்தக் கட்டத்திலும் இல்லை. விண்ணப்பத்தைத் தேடி நிரப்பி, குலுக்கல் நாளை நினைவில் வைத்திருக்கும் தாயும், வீட்டருகில் உள்ள பள்ளியிலேயே விட்டுவிடும் தாயும் தரவில் வேறுபடுவதில்லை. முந்தைய மதிப்பெண் இக்குறையை ஈடுசெய்யும் என்பதே கிரெடோவின் விடை. ஓரளவு செய்யும். ஆனால் நாடளாவிய கட்டாயத் தேர்வு மூன்றாம் வகுப்பில்தான் தொடங்குகிறது. மழலையர் வகுப்பிலேயே பட்டயப் பள்ளியில் சேர்ந்த குழந்தைக்குச் சேர்க்கைக்கு முந்தைய மதிப்பெண் என ஒன்று கிடையாது. அக்குழந்தையின் முதல் மதிப்பெண் சில ஆண்டுகள் அப்பள்ளியில் பயின்றபின் பெற்றது. பள்ளியின் தொடக்ககால நன்மையோ தீமையோ அதனுள் ஏற்கெனவே அடங்கிவிட்டது. அதனைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டால், அளக்க வேண்டிய பொருளின் ஒரு பகுதி கணக்குக்கு வெளியே போய்விடுகிறது.

சிறப்புக் கல்வி முத்திரையிலும் இத்தகைய சிக்கல் உண்டு. பாஸ்டன் பட்டயப் பள்ளிகளை ஆராய்ந்த எலிசபெத் செட்ரன், அங்குச் சேர்ந்த மாணவரிடமிருந்து அம்முத்திரை நீக்கப்படுவது மிகுதி என்றும், அவ்வாறிருந்தும் அம்மாணவரின் மதிப்பெண் உயர்ந்தது என்றும் காட்டினார். முத்திரை என்பது மாணவரின் இயல்பு மட்டுமன்று, பள்ளியின் முடிவும் ஆகும். பள்ளியே மாற்றக்கூடிய ஒன்றை வைத்து இரட்டையரைப் பொருத்துவது எவ்வளவு உறுதியானது?

இத்தகைய ஐயங்கள் புதியனவல்ல. 1982 இல் ஜேம்ஸ் கோல்மனும் அவர்தம் குழுவினரும் கத்தோலிக்கப் பள்ளி மாணவர் அரசுப் பள்ளி மாணவரைவிட மேம்பட்டவர் என அறிவித்தபோதும் தேர்வுச் சாய்வு பற்றிய இதே எதிர்வாதம் எழுந்தது. கிரெடோவின் பட்டியல் கோல்மன் காலத்ததைவிட விரிந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆயினும் எனக்கு இதனினும் பெரிய குறையாகப் படுவது சராசரி எடுக்கும் செயலே. 2013 இல் தெரிந்த முன்னேற்றத்தின் ஒரு பகுதி, பின்தங்கிய பள்ளிகள் மூடப்பட்டதால் வந்தது என அவ்வறிக்கையே கூறுகிறது. 2023 அறிக்கையில் இணையவழிப் பட்டயப் பள்ளி மாணவர் வாசிப்பில் 58 நாள்களும் கணிதத்தில் 124 நாள்களும் பின்தங்கினர். வீட்டில் கணினித் திரைமுன் தனியே அமர்ந்திருக்கும் மாணவரும், நீண்ட பாடவேளையும் தனிப்பயிற்சியும் உள்ள நகர்ப்புறப் பள்ளி மாணவரும் ‘பட்டயம்’ என்னும் ஒரு சொல்லால் கட்டப்பட்டு, அக்கட்டின் சராசரி எடையாகக் கணிதத்தில் 6 நாள் அறிவிக்கப்படுகிறது. அந்த 6 நாள் எந்தப் பள்ளியிலும் நிகழவில்லை.

3. குலுக்கலின் வலிமையும் எல்லையும்

பெற்றோரின் முனைப்பை அளக்க இயலாதபோது அதனைச் சமப்படுத்தும் வழி குலுக்கல். விண்ணப்பித்தோர் அனைவரும் முனைப்புடையோரே. அவருள் இடம் பெற்றோரையும் பெறாதோரையும் பிரித்தது தற்செயல் மட்டுமே. இரு குழுக்களையும் சில ஆண்டுகள் தொடர்ந்தால் வேறுபாட்டைப் பள்ளிக்கு உரியதாக்கலாம்.

குலுக்கல் என்ற பெயர் இருந்தாலே ஆய்வு உறுதியானதாகிவிடாது என்பதற்கு 2009 ஆம் ஆண்டின் நியூயார்க் ஆய்வு ஒரு பாடம். கரோலின் ஹாக்ஸ்பி தலைமையிலான அவ்வாய்வு, மழலையர் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை பட்டயப் பள்ளியில் பயின்ற மாணவர், ஏழை ஹார்லெமுக்கும் செல்வந்த ஸ்கார்ஸ்டேலுக்கும் இடையிலான கணித இடைவெளியில் 86 விழுக்காட்டை அடைத்துவிடுவார் என்றது. இச்செய்தி நாளிதழ்களில் பெரிதாகப் பேசப்பட்டது. ஷான் ரியர்டன் தம் மதிப்புரையில், குலுக்கலுக்குப் பின்னர் எழுதிய தேர்வுகளின் மதிப்பெண்களைக் கணக்கீட்டில் கட்டுப்பாட்டு மாறியாகச் சேர்த்ததால் குலுக்கல் தந்த சமநிலை குலைந்துவிட்டது எனச் சுட்டினார். ஓராண்டு விளைவைப் பல ஆண்டுகளுக்குக் கூட்டிப் பெற்ற முடிவு அது என்பதும் கவனிக்கத்தக்கது.

குலுக்கல் முறையின் இயல்பான எல்லை வேறொன்று. விண்ணப்பங்கள் இடங்களைவிட மிகுந்த பள்ளியில்தான் குலுக்கல் நடைபெறும். பெற்றோர் தேடிவராத பள்ளியைப் பற்றி இம்முறை எதுவும் கூறாது. மேத்தமாட்டிகா நிறுவனம் 15 மாநிலங்களில் 36 நடுநிலைப் பட்டயப் பள்ளிகளை ஆராய்ந்து 2010 இல் வெளியிட்ட அறிக்கை, சராசரியாக வேறுபாடு இல்லை என்றது. ஆனால் வருமானம் குன்றிய மாணவர் மிகுந்த பள்ளிகளில் கணித விளைவு சாதகமாகவும், வசதியுள்ள மாணவர் மிகுந்தவற்றில் பாதகமாகவும் இருந்தது. எதிரெதிரான இரு விளைவுகளைக் கூட்டினால் சுழியம் வரும். அறிக்கையின் தலைப்புச் செய்தி அச்சுழியம். அதன் அறிவுச்செல்வம் உள்ளே இருந்த பிளவு.

4. ஒரே சட்டம், இரு விளைவுகள்

அப்பிளவை விளக்கும் இடம் மாசசூசெட்ஸ். 2011 இல் அப்துல்காதிரோகுலு, ஆங்கிரிஸ்ட், டைனார்ஸ்கி, கேன், பாதக் ஆகியோர் வெளியிட்ட பாஸ்டன் ஆய்வின் சிறப்பு, அது மூவகைப் பள்ளிகளை ஒருங்கே நோக்கியது. மரபுவழி மாவட்டப் பள்ளி, பட்டயப் பள்ளி என்பவற்றோடு, மாவட்டமும் ஆசிரியர் சங்கமும் செய்துகொண்ட உடன்பாட்டால் 1995 முதல் இயங்கிவந்த ‘பைலட்’ பள்ளிகளையும் அது சேர்த்துக்கொண்டது. பைலட் பள்ளிகளுக்கு வரவுசெலவிலும் பாடவேளையிலும் தன்னுரிமை உண்டு. ஆசிரியர் சங்க உறுப்பினராகவே நீடிப்பர். ரே பட்டி எண்ணிய வடிவத்துக்கு இவையே நெருக்கமானவை எனலாம். குலுக்கல்வழி ஒப்பீட்டில் பட்டயப் பள்ளிகளின் விளைவு பெரிதாக இருந்தது; நடுநிலை வகுப்புக் கணிதத்தில் ஆண்டுக்குத் திட்ட விலக்கத்தின் 0.4 அளவை ஒட்டியது. இது கிரெடோ 2023 கணிதச் சராசரியின் பன்மடங்கு. பைலட் பள்ளிகளின் விளைவு பெரும்பாலும் புள்ளியியல் முக்கியத்துவம் அற்றதாக இருந்தது. தன்னுரிமை மட்டும் போதாது, சங்கத்திலிருந்து விடுபட்ட பட்டய வடிவமே வெற்றியின் காரணம் என இதிலிருந்து முடிவுகட்டியவர் பலர்.

அம்முடிவு நிலைக்கவில்லை. ஆங்கிரிஸ்ட், பாதக், வால்டர்ஸ் ஆகியோர் 2013 இல் ஆய்வை மாநிலம் முழுமைக்கும் விரித்தபோது, நகர்ப்புறப் பட்டயப் பள்ளிகளில் பெரும் பயனும், நகர்ப்புறமல்லாதவற்றில் பயனின்மையோ இழப்போகூடவும் காணப்பட்டன. இரண்டுக்கும் சட்டம் ஒன்று. மாநிலத் தேர்வும் ஒன்று. பட்டயம்தான் காரணமெனில் ஒரே காரணம் எதிரெதிர் விளைவு தர இயலாது. வேறுபாட்டின் ஒரு பகுதியை அவர்கள் ‘சாக்குப்போக்குக்கு இடமில்லை’ என்னும் பெயரில் வழங்கும் நடைமுறையால் விளக்கினர்: நீண்ட பள்ளி நாள், கடும் ஒழுங்கு, வாசிப்பிலும் கணிதத்திலும் அழுத்தம், தனிப்பயிற்சி. எஞ்சிய பகுதி மாற்றுப் பள்ளியைச் சார்ந்தது. பாஸ்டனில் இடம் கிடைக்காத மாணவர் திரும்பிச் செல்வது ஏழ்மை மண்டிய சூழலில் தடுமாறும் பள்ளிக்கு. புறநகர் மாணவர் திரும்பிச் செல்வது மாநிலத்தின் நல்ல மாவட்டப் பள்ளிகளுள் ஒன்றுக்கு. ஆக, ஒப்பீட்டு எண் என்பது பட்டயப் பள்ளியின் தரத்தை மட்டும் அளப்பதில்லை. எதிர்த்தட்டில் உள்ள பள்ளியின் தரத்தையும் சேர்த்தே அளக்கிறது. தேசிய அறிக்கைகளில் அந்த எதிர்த்தட்டுக்குப் பெயரே இல்லை.

நடைமுறையைப் பட்டயத்திலிருந்து பிரித்துப் பார்க்க இயலுமா? ரோலண்ட் ஃபிரையர் அவ்வாறே செய்தார். நியூயார்க் பட்டயப் பள்ளிகளில் வில் டாபியுடன் அவர் கண்டறிந்த ஐந்து கூறுகளை, அதாவது ஆசிரியருக்கு அடிக்கடி பின்னூட்டம், தரவுவழிக் கற்பித்தல், செறிவான தனிப்பயிற்சி, கூடுதல் நேரம், உயர்ந்த எதிர்பார்ப்பு ஆகியவற்றை, ஹூஸ்டன் நகரின் 20 மாவட்டப் பள்ளிகளில் புகுத்தினார். கணிதத்தில் ஆண்டுக்கு 0.15 முதல் 0.18 திட்ட விலக்கம்வரை உயர்வு ஏற்பட்டது. வாசிப்பில் பயன் சிறிது. ஷாங்கர் கனவுகண்ட ‘கண்டறிந்து பரப்புதல்’ இங்கே பட்டயமின்றியே ஓரளவு நிகழ்ந்தது. இந்த ஆய்வுக்கு மேற்கோள் எண்ணிக்கையில் குறைவில்லை. எனினும் ‘எது சிறந்தது’ என்னும் விவாதத்தில் இது பேசப்படுவது அரிது. காரணம் வெளிப்படை. இதில் வென்றவர் யாருமில்லை.

நேர்மைக்காக ஒன்றைச் சேர்க்க வேண்டும். பட்டயப் பள்ளிகளின் பயன் முழுவதும் முனைப்புடைய பெற்றோரால் வந்தது என்னும் வாதமும் நிலைக்காது. நியூ ஆர்லியன்ஸிலும் பாஸ்டனிலும் மாவட்டப் பள்ளிகள் பட்டய நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டபோது, அங்கு ஏற்கெனவே பயின்றுகொண்டிருந்த மாணவர் விண்ணப்பிக்காமலேயே உள்ளே இருந்தனர். 2016 இல் வெளிவந்த ஆய்வு, அவர்களுக்கும் கணிசமான பயன் கிட்டியதைக் காட்டியது.

5. அளவுகோலுக்கு வெளியே

மேற்கண்ட ஆய்வுகள் அனைத்தும் தேர்வு மதிப்பெண்ணையே முதன்மை அளவாகக் கொண்டவை. மதிப்பெண் பொருளற்றதென்று கூறுவார் கூற்றில் எனக்கு உடன்பாடில்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளையின் பெற்றோர் அவ்வாறு கூறமாட்டார். ஆனால் ஒப்பீட்டில் சேராத செலவுகள் சில உண்டு. அமெரிக்க அரசுப் பொறுப்பு அலுவலகத்தின் 2012 அறிக்கைப்படி, 2009-10 கல்வியாண்டில் மாவட்டப் பள்ளிகளில் மாற்றுத்திறன் மாணவர் ஏறத்தாழ 11 விழுக்காடு. பட்டயப் பள்ளிகளில் 8 விழுக்காடு. அந்த இடைவெளியில் உள்ள பிள்ளைகளைக் கற்பிக்கும் பொறுப்பு யாரிடம் விடப்பட்டது என்பதற்குச் சராசரி மதிப்பெண்ணில் விடை இல்லை. 2005 இல் கத்ரீனா புயலுக்குப் பின் நியூ ஆர்லியன்ஸில் 7,000 க்கு மேற்பட்ட பள்ளிப் பணியாளர் நீக்கப்பட்டனர். ஆசிரியருள் பெரும்பான்மையோர் கறுப்பின மக்கள். அந்நகரில் மதிப்பெண் உயர்ந்ததை டக்ளஸ் ஹாரிஸ் குழுவின் ஆய்வு நிறுவியுள்ளது. ஏறக்குறைய எல்லாப் பள்ளிகளும் பட்டயப் பள்ளிகளாகிவிட்டதால் நகருக்குள் ஒப்பிட மாவட்டப் பள்ளி இல்லாமற்போய், புயலால் பாதிக்கப்பட்ட பிற மாவட்டங்களை அவர்கள் நாட வேண்டியிருந்தது.

இப்பள்ளிகள் அரசுப் பள்ளிகள்தாமா என்பதே முடிவாகாத வினா. வாஷிங்டன் மாநில உச்ச நீதிமன்றம் 2015 இல், வாக்காளர் தேர்ந்தெடுத்த குழுவின் கட்டுப்பாட்டில் இல்லாததால் இவை ‘பொதுப் பள்ளிகள்’ ஆகா எனத் தீர்ப்பளித்தது. ஓக்லஹோமாவில் மதம் சார்ந்த பட்டயப் பள்ளி ஒன்றைப் பற்றிய வழக்கில் 2025 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நான்குக்கு நான்கு எனப் பிரிந்தது. அதனால், அப்பள்ளியை அனுமதிக்க மறுத்த மாநிலத் தீர்ப்பு நிலைத்தது.

மாசசூசெட்ஸுக்கே திரும்புவோம். ஆண்டுக்கு 12 வரை புதிய பட்டயப் பள்ளிகளையோ விரிவாக்கங்களையோ அனுமதிக்கும் முன்மொழிவு 2016 நவம்பரில் பொதுவாக்கெடுப்புக்கு வந்தது. ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் எதிர்த்து வாக்களித்தனர். மிக வலுவான சான்றுகளை வழங்கிய பாஸ்டன் நகரிலும் பெரும்பான்மை எதிராகவே இருந்தது. எதிர்த்தோர் முன்வைத்த முதன்மையான கேள்வி, மாணவரோடு நிதியும் வெளியேறினால் மாவட்டப் பள்ளியில் எஞ்சும் பிள்ளைகளின் நிலை என்னவாகும் என்பது. குலுக்கல் ஆய்வு இடம் பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிடுமே தவிர, விண்ணப்பிக்கவே செய்யாத பிள்ளையைப் பற்றி அதனால் கூற இயலாது. அப்பிள்ளையை நேராக நோக்கிய ஆய்வுகள் சிலவே. அவற்றுள் ஒன்றில் மேத்யூ ரிட்லியும் கமீல் டெரியரும், மாசசூசெட்ஸில் 2011 அளவில் நிகழ்ந்த விரிவாக்கத்தை எடுத்துக்கொண்டு, மாவட்டங்களில் மாணவர் ஒருவருக்கான செலவு கூடியதையும், அங்கு எஞ்சியோரின் மதிப்பெண் சிறிதளவு உயர்ந்ததையும் கண்டனர். மாவட்டம் இழக்கும் நிதியை மாநிலம் சில ஆண்டுகளுக்கு ஈடுசெய்யும் ஏற்பாடு அங்குண்டு. அத்தகைய ஏற்பாடு இல்லாத மாநிலங்களுக்கு இம்முடிவை அப்படியே எடுத்துச்செல்ல இயலாது.